மூடியும் வாயும்

சுபஹான் பாய் பிரியாணி மாஸ்டர். அவர் அண்டாவைத் திறந்தால் தெருவே மணக்கும். ஆனால் அவர் வீட்டிலேயே தட்டைத் தள்ளிவிட ஓர் ஆள் இருந்தாள், அவருடைய மனைவி மைமூன்.

அவளுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. அரிசி, உருளை எதுவும் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பாய் எதைச் சமைத்தாலும் அவளுக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள். பாய்க்குப் பயம் பிடித்துக்கொண்டது.

வெட்கத்தை விட்டுவிட்டு, தன்னில் பாதி வயதுள்ள, சமையல் வகுப்பு நடத்தும் பியூலா டீச்சரிடம் கற்கப் போனார். சிக்கன் சில்லி செய்யலாம் என்றாள் அவள். உடனே பாய் சோளமாவையும் எண்ணெய்ச் சட்டியையும் எடுத்து வைத்தார். டீச்சர் சிரித்துவிட்டாள். அது சில்லி சிக்கன், இது கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் கெட்டிக் குழம்பு என்றாள்.

மறுநாள் காலை, மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கர் என்ற மின்சாரப் பாத்திரத்தோடு அவர் வீட்டுக்கே வந்தாள். எலும்பில்லாத கோழி, தக்காளி, குடைமிளகாய், பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் போட்டு மூடினாள்.

மாஸ்டரின் கை சும்மா இருக்குமா? போகும்போதும் வரும்போதும் மூடியைத் தூக்கினார்.

"தம் போட்ட அண்டாவை இப்படித்தான் திறந்து பாப்பீங்களா பாய்?"

கை இறங்கியது.

மதியம் டீச்சரே திறந்தாள். குழம்பு நீர்த்துக் கிடந்தது. பாய் அரிசிமாவு டப்பாவை எட்டினார்.

"மாவு போடாம இது எப்படிக் கெட்டியாகும் டீச்சர்?"

டீச்சர் வெந்த கோழியை வெளியே எடுத்தாள், நாராகப் பிய்த்தாள், திரும்ப அதே குழம்பில் போட்டு மூடினாள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால், குழம்பு கரண்டியில் கனமாக ஏறியது. பாய் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டார்.

"அக்காவுக்குத் தட்டு வைக்கும்போது என்ன சொல்லுவீங்க?" என்று டீச்சர் கேட்டாள்.

"சோறு இல்ல, உருளை இல்ல, பயப்படாம சாப்பிடும்பேன்."

"இன்னிக்கு வாயையும் மூடிக்கிட்டு வைங்க."

வைத்தார். மைமூன் ஒரு வாய் எடுத்தாள். பிறகு தலையைத் தூக்கவேயில்லை. கிண்ணம் காலியானது, மறுபடி நீண்டது, மறுபடி காலியானது. மூன்றாம் தடவை நீட்டும்போது பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

மைமூனுக்குச் சந்தேகம் வந்தது.

"இதுல என்னென்ன இல்லைன்னு இவரு இன்னும் சொல்லவே இல்லியே?"

பாய் வாயைத் திறக்கப் போனார். டீச்சர் முந்திக்கொண்டு, கிண்ணம் நிறைய ஊற்றினாள்.

"நீங்கதான் சாப்பிடுறீங்க. நீங்களே சொல்லுங்கக்கா, என்ன இல்ல?"