மூன்றாவது வயர்

சிங்காரவடிவேல் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் ஜன்னல் இல்லாத நடை ஒன்று உண்டு. பகலிலும் இருட்டு. அதன் சுவர் விளக்கு தானாக எரியும், தானாக அணையும்.

“முன்னே இங்கே குடியிருந்து செத்தவர் இன்னும் போகலைம்மா. சீக்கிரம் காலி பண்ணிடு,” என்றார் மாடியில் இருந்த சிங்காரவடிவேல்.

குடியிருந்த ஆரோக்கியமேரி வயரிங் வேலைக்கு எடுபிடியாகப் போகிறவள். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. மெயினை அணைத்துவிட்டு நடையின் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தாள். இரண்டு வயர் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. அப்படியானால், மாடிப்படி விளக்குக்கு இருப்பதுபோல, இதே விளக்குக்கு இன்னொரு சுவிட்ச் எங்கோ இருக்கிறது. விளக்குக்குப் போகும் வயரை மட்டும் விடுவித்து, நுனியில் டேப் சுற்றி மூடிவிட்டு மெயினைத் திரும்பப் போட்டாள்.

மறுநாள் அக்கம்பக்கத்தாரை நடையில் நிறுத்தினாள். “ஐயா, பேயை இவங்களுக்கும் காட்டுங்க. இன்னிக்கே காலி பண்றேன்.”

“சாமிக்கு விளக்கேத்திட்டு வரேன். அதுக்குள்ள அதுவே வரும், பாருங்க!” என்று அவர் மாடி ஏறினார்.

எல்லோரும் இருட்டில் காத்து நின்றார்கள். ஒருத்தி தன் குழந்தையின் வாயைப் பொத்தினாள். சுவருக்குள் ‘டிக்’ என்றது. விளக்கு எரியவில்லை.

மேலிருந்து குரல் வந்தது. “பார்த்தீங்களா, எரியுதா?”

“எரியலையே ஐயா!”

மறுபடி ‘டிக்’. இன்னொரு ‘டிக்’.

“எரியாம எப்படி இருக்கும்? போட்டுட்டேனே!”

ஆரோக்கியமேரி மேலே பார்த்துக் கேட்டாள்.

“பேய்க்கு எதுக்குங்கய்யா சுவிட்ச்?”

காலி பண்ணும் பேச்சு அதோடு நின்றது.