மூன்று நிமிட ஆட்டம்

"என் ப்ரோகிராம் முட்டாளாயிடுச்சு டீச்சர்," என்றார் கமாலுதீன்.

தில்லைநாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

சதுரங்கம் ஆடும் கணினி நிரல்களை எழுத அவளிடம்தான் அவர் ஏழு வருடமாகக் கற்றுவருகிறார். அவரைவிட அவள் பன்னிரண்டு வயது இளையவள். போன ஆவணியில் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது.

"என் வீட்டு மெஷின்ல யாரையும் ஜெயிக்கும். போட்டியில கொடுத்தது பழைய கம்ப்யூட்டர். ஆட்டத்துக்கு மூணே நிமிஷம். ஒன்பது ஆட்டம். ஒன்பதும் தோல்வி."

"எப்படி... யோசிக்குது?"

"எல்லா நகர்வையும் ஒண்ணு விடாம, ஒரே ஆழத்துக்கு அலசும். அதுதானே அதோட பலம்? பாதி அலசுறதுக்குள்ள நேரம் முடிஞ்சுடுது. வேகமான மெஷின் கேட்டேன். தரமாட்டாங்களாம்."

அவள் இடது கையால் பலகையை இழுத்தாள். கடிகாரத்தில் இருவருக்கும் மூன்று நிமிடம் வைத்தாள்.

"உங்களுக்கு மட்டும் பத்து வச்சுக்கலாமே டீச்சர்."

கடிகாரத்துக்கு நீண்ட அவர் கையைத் தட்டிவிட்டாள்.

முன்பெல்லாம் அவள் ஆட்டம் அடர்ந்து கிடக்கும். எங்கே மாட்டிக்கொண்டோம் என்றே தெரியாது. இன்று குதிரைக்குக் குதிரை வெட்டி மாற்றினாள். ராணிகளை மாற்றினாள். பலகை காலியாகிக்கொண்டே வந்தது. ஒரு நகர்வுக்கு ஒரு மூச்சு நேரம்தான் எடுத்தாள்.

ஒரே ஓர் இடத்தில் நின்றாள். கடைசி யானைகளை மாற்றுவதா, வேண்டாமா?

நெற்றி வியர்த்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்தது. முழுதாக ஒரு நிமிடம் போனது.

கமாலுதீன் கடிகாரத்தைப் பார்க்க மாட்டாமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

மாற்றினாள்.

அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவளுடைய சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக ஏறியது. அவருடைய ராஜா இரண்டு கட்டம் தள்ளி, பிடிக்க முடியாமல் நின்றுகொண்டு பார்த்தது.

அவள் கடிகாரத்தில் பதினோரு விநாடி மிச்சமிருந்தது.

கமாலுதீன் தன் ராஜாவைச் சாய்த்துவைத்தார்.

"இது உங்க ஆட்டமே இல்லையே டீச்சர்."

"அந்த ஆட்டத்துக்கு... அந்தத் தலை வேணும் பாய். உங்களுக்கு... அந்த மெஷின் மாதிரி."

"அது திரும்பி வராதா?"

அவள் காய்களை மறுபடி அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

"வரலாம். வர்ற வரைக்கும்... நான் ஆட வேண்டாமா?"