நடு மேசையில் பாகு

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். தேர்தல் வருஷம் வந்தால் தீயணைப்பு நிலையத்தில் ஊருக்கே பான்கேக் விருந்து, தடித்த தோசை மாதிரி ஒரு பலகாரம். ஒரு கட்சிக்காரர்கள் இடப்பக்கம் உட்கார்வார்கள், மறு கட்சிக்காரர்கள் வலப்பக்கம். நடு மேசை காலியாகவே கிடக்கும்.

அங்கே பான்கேக் வார்க்கிறவள் நோரா. அந்த வருஷம் இரண்டு கட்சியிலிருந்தும் கட்சிக்கு ஒருவராக விலகி, ஜனாதிபதிக்கும் துணை ஜனாதிபதிக்கும் சுயேச்சை ஜோடியாக நின்றார்கள். வாக்குச்சீட்டில் அவர்கள் பெயர் ஏற விருந்தன்று மாலைக்குள் ஊரார் கையெழுத்து வேண்டும். நோரா மனுவோடு வந்திருந்தாள்.

விருந்துத் தலைவரும் இடப்பக்கக் கட்சிக்காரருமான ஹார்லன் தொப்பை குலுங்கச் சிரித்தார். "இந்த ரெண்டு கூட்டமும் ஒரே மேசையில உட்காரட்டும், முதல் கையெழுத்து என்னோடது. இல்லேன்னா மனுவைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பும்மா!"

"பேச்சு மாறக் கூடாதுங்க ஐயா" என்றாள் நோரா.

பக்கத்துக்கு ஒன்றாக இருந்த, பான்கேக் மேல் ஊற்றிக்கொள்ளும் சர்க்கரைப் பாகு ஜாடிகளைத் தூக்கி நடு மேசையில் வைத்தாள். "ஜாடியை யாரும் நகர்த்தக் கூடாது!"

பாகில்லாத பான்கேக் தொண்டையில் இறங்குமா? முதலில் பிள்ளைகள் ஓடின, பின்னாலேயே அம்மாக்கள். திரும்பிப் போவதற்குள் ஆறிவிடும் என்று அங்கேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் ஹார்லனும் தட்டோடு வந்து மறு கட்சியின் ஊர்த் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நோரா பேனாவை நீட்டினாள்.

"இது பாகுக்கு வந்த கூட்டம்!" என்று சீறினார் ஹார்லன்.

"ஆமாங்க. யாரும் கட்சி மாறலை. வேண்டியது நடுவுல இருக்குன்னு வந்தாங்க. எங்க ஜோடியும் அதுக்குத்தான் நிக்குது. பிடிக்கலேன்னா ஓட்டுப் போடாதீங்க. சீட்டுல பேரே இருக்கக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?"

"போடுங்க ஹார்லன், அடுத்தது நான்" என்றார் மறு கட்சித் தலைவர்.

மேசையே சிரித்தது. ஹார்லன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைக்கப் பார்த்தார். பாகு பிடித்த விரலை விட்டு அது வரவே இல்லை.