புளிப்புக் கொடி

"அம்மா, அந்தக் கொடியை இன்னைக்கே வெட்டிடணும்."

சிஸ்டர் செபஸ்தியம்மாள் கையில் அரிவாளோடு நின்றார். மலைமேல் இருந்த அந்தக் கன்னியர் மடத்தில் திராட்சைத் தோட்டம் அவர் பொறுப்பு. மடத் தலைவி மரியநேசம் அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் வழிகாட்டி அவர்தான்.

"எந்தக் கொடி?"

"மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாடி படர்ந்து கிடக்குதே, அந்தப் புளிப்புக் கொடி. அதை ஆடுகூடத் திங்காது."

"அது உங்களை என்ன பண்ணுச்சு?"



மடத்தின் வெள்ளைத் திராட்சையில்தான் பூசைக்கான ரசம் பிழிவார்கள். அதன் பூர்வீகம் தெரிய வேண்டும் என்று செபஸ்தியம்மாளுக்கு நெடுநாள் ஆசை. தோட்டத்துக் கொடிகளின் இலைகளை எல்லாம் பறித்துக்கொண்டு மரபணு ஆய்வுக்கூடத்துக்குப் போனவர், அன்று காலைதான் திரும்பியிருந்தார்.

"தகப்பன் உசத்தியான கறுப்புத் திராட்சை, அம்மா. தாய்..."

அரிவாளால் கொட்டகைப் பக்கம் காட்டினார்.

"தாய் இந்தப் புளிப்புக் கொடியாம். வெளியே தெரிஞ்சா எவ்வளவு கேவலம்!"

மரியநேசம் எழுந்து நடந்தார். செபஸ்தியம்மாள் பின்னால் போனார்.

கொட்டகைச் சுவரை மூடிக்கொண்டு கிடந்தது கொடி. இருவரும் அதன் முன்னால் நின்றார்கள்.

"நம்ம வெள்ளைத் திராட்சையை யார் நட்டது?"

"நான்தான்."

"விதை போட்டா?"

"விதை போட்டா வேற பழமா மாறிடும், அம்மா. பழைய கொடியில குச்சி வெட்டி வெச்சேன்."

"அந்தப் பழைய கொடி?"

"அதுவும் குச்சிதான். கப்பல்ல வந்த துறவிங்க கொண்டு வந்தது."

"அதுக்கும் முன்னாடி?"

"குச்சிதான். எல்லாமே ஒண்ணுல இருந்து ஒண்ணு வெட்டின..."

செபஸ்தியம்மாள் நிறுத்தினார். தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். சரிவு முழுக்க வெள்ளைத் திராட்சைப் பந்தல்.

"விதை முளைச்சது ஒரே ஒரு தடவைதான், அம்மா. எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னாடி, எங்கேயோ ஒரு வேலியோரத்துல. அந்த ஒத்தைச் செடிதான் இன்னும் சாகாம இங்க நிக்குது."

மரியநேசம் சுவரில் கிடந்த கொடியைத் தொட்டார்.

"இது?"

"இதுவும்... குச்சிதான்."

செபஸ்தியம்மாள் கொடியின் அடித்தண்டைப் பார்த்தார்.

"அப்படின்னா, அன்னைக்கு அந்த விதையைப் பெத்தவ இவளேதானா?"

அரிவாளைக் கீழே வைத்தார்.

மரியநேசம் ஒரு கிளையைத் தாழ்த்திப் பிடித்தார். கடுகளவு பச்சைப் பூக்கள் கொத்துக்கொத்தாக இருந்தன.

"மெல்லப் பேசுங்க, சிஸ்டர். பூத்திருக்கா."