கொன்றையூர் எலும்பு வைத்தியர் சங்கம்

கொன்றையூரை ஆண்ட விசயகேது மன்னர் ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கையில் வழுக்கி விழுந்தார். வலது தோள் இடம் விலகிவிட்டது. குதிரையிலிருந்து விழுந்தார் என்று ஊருக்குப் பறையறைந்தார்கள். எதிலிருந்து விழுந்தால் என்ன, தோள் விலகியது நிஜம்.

அந்த நாட்டு எலும்பு வைத்தியர்கள் மூன்று பிரிவாக இருந்தார்கள். எண்ணெய் தடவி நீவுகிறவர்களுக்கு வைரவன் தலைவர். மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுகிறவர்களுக்குக் காத்தமுத்து. வர்மம் பார்த்துத் தட்டுகிறவர்களுக்கு இசக்கி ஆசான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஒருவர் தொட்ட நோயாளி மற்றவரிடம் வந்தால், முதல் வைத்தியமே பழைய வைத்தியத்தைக் கலைப்பதுதான்.

மன்னருக்கும் அதுவே நடந்தது. காலையில் வைரவன் நீவித் தோளை உட்கார வைத்தார். மதியம் காத்தமுத்து வந்து, "யார் இப்படிக் கெடுத்தது?" என்று இழுத்துப் பொருத்திக் கட்டினார். மாலையில் இசக்கி ஆசான் அந்தக் கட்டைப் பிரித்தார். மன்னர் போட்ட சத்தத்துக்குக் கொட்டடியில் இருந்த யானைகள் பதில் சொல்லின.

மறுநாள் சபையில் மன்னர் ஆணையிட்டார்.

"இனி எலும்பு வைத்தியர்களுக்கு ஒரே சங்கம். ஒரே தலைவர். மூன்று பிரிவும் மனம் ஒப்பி அவரை ஏற்க வேண்டும். பௌர்ணமிக்குள் நடக்காவிட்டால் அத்தனை பேரையும் நாடு கடத்துவேன்."

அமைச்சர் நரசிங்கராயர் உடனே எழுந்தார். மன்னருக்கு யோசனை சொல்லும் பூவராகனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"இந்தப் பொறுப்பைப் பூவராகனிடம் கொடுங்கள் பிரபு. அவர் வாய்சாதுர்யத்துக்கு ஆகாத காரியமா? ஆகாமல் போனால், வைத்தியர்களுக்கு வழித்துணையாக அவரும் போகட்டும்."

வலியில் இருந்த மன்னர் தலையாட்டிவிட்டார்.

பூவராகன் யோசனையோடு வெளியே வந்தார். அரண்மனை வாசலில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த தவசி அவரைக் கும்பிட்டான். பனையேறி அவன். மரத்திலிருந்து விழுந்து முறிந்த காலை மூன்று பிரிவும் மாறி மாறிக் கட்டி அவிழ்த்ததில், அது கோணலாகவே கூடிவிட்டது. அதன்பிறகு மரமேறவில்லை.

"சாமி, வைத்தியருங்கள வெரட்டப் போறாங்களாமே?"

"உன் காலைக் கெடுத்தவர்கள்தானே அப்பா?"

"என் காலு போனது போச்சு சாமி. எங்க ஆளுங்க தெனம் மரமேறுறாங்க. விழுந்தா யாருகிட்ட தூக்கிட்டு ஓடுவாங்க?"

பூவராகனுக்குச் சுருக்கென்றது. அதுவரை அவர் தன் உத்தியோகத்தைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தார்.

மூன்று தலைவர்களையும் கோயில் மண்டபத்துக்கு வரவழைத்தார். நடுவில் யார் உட்காருவது என்று சண்டை தொடங்கியது. மூவரும் நின்றுகொண்டே பேசினார்கள்.

"நீவத் தெரியாதவன் எனக்குத் தலைவனா?" என்றார் வைரவன்.

"கட்டத் தெரியாதவர் எனக்கா?" என்றார் காத்தமுத்து.

இசக்கி ஆசான் துண்டை உதறித் தோளில் போட்டார். திரும்பி நடந்துவிட்டார். பேச்சு முறிந்தது. முறிந்ததைச் சேர்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் யாரும் அதைத் தொடவில்லை.

பூவராகன் அடுத்து ஒவ்வொருவர் வீட்டுக்கும் தனித்தனியே போனார். மூன்று வீட்டிலும் ஒரே பேச்சுதான்.

"நீங்களே தலைவராக இருங்கள். தலைவருக்கு வேலை ஒன்றுதான். மன்னரின் தோளுக்கு அவர் பொறுப்பு. வலித்தால் மன்னர் அவரைத்தான் கேட்பார்."

வைரவன் கையில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "காத்தமுத்து வயதில் மூத்தவர். முறைப்படி அவர்தான் இருக்க வேண்டும்."

காத்தமுத்து உருகினார். "இசக்கி ஆசான் மகா ஞானி. அவர் இருக்க நானா?"

இசக்கி ஆசான் கண்களை மூடிக்கொண்டார். "வைரவன் கைக்கு ஈடு உண்டா?"

"மூவருக்கும் வேண்டாமென்றால் வெளியாள் ஒருவரை வைக்கலாமா?" என்று கேட்டார் பூவராகன். "ஆனால் அவருக்கு வைத்தியம் தெரியாது. நீங்கள் மூவரும் கூடிப் பேசி அவருக்கு ஒரே முடிவாகச் சொல்ல வேண்டும். மூவரும் ஒப்பாமல் யார் கட்டையும் யாரும் அவிழ்க்கக் கூடாது."

மூன்று வீட்டிலும் அவருக்கு மோர் கொடுத்துச் சம்மதம் சொன்னார்கள்.

பௌர்ணமியன்று சபை கூடியது. மூன்று வைத்தியர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். நரசிங்கராயர் அதை நம்ப முடியாமல் பார்த்தார்.

"சங்கம் அமைந்துவிட்டது அரசே," என்றார் பூவராகன். விதிகளைச் சொன்னார். தலைவரின் பொறுப்பையும் சொன்னார்.

மன்னருக்கு மகிழ்ச்சி. "தலைவர் யார்?"

"நம் அமைச்சர் நரசிங்கராயர்."

"நானா?" என்று துள்ளி எழுந்தார் அமைச்சர்.

"எங்களுக்குப் பூரண சம்மதம்!" என்றார்கள் மூன்று வைத்தியர்களும் ஒரே குரலில். பிறந்ததிலிருந்து அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் வாக்கியம் அது.

"பிரபு, இது சூழ்ச்சி! மூட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது!" என்று பதறினார் அமைச்சர்.

மன்னரும் புருவத்தை உயர்த்தினார். "நியாயம்தானே பூவராகா? மூட்டு வைத்தியர்களுக்குத் தலைவராக இருக்க இவருக்கு என்ன தகுதி?"

பூவராகன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கைகட்டி, பணிவாகச் சொன்னார்.

"அமைச்சர் தன்னடக்கத்தில் அப்படிச் சொல்கிறார் அரசே. இந்த அரண்மனையில் யார் இருவர் சேர்ந்து நின்றாலும், அவர்களுக்கு நடுவே போய் மூட்டிவிடுவதில் இவரை மிஞ்ச ஆள் உண்டா?"

மன்னர் ஒரு கணம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். வயிற்றோடு தோளும் குலுங்கியது.

"ஐயோ!" என்றார் மன்னர். இடது கையால் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகனிடம் கொடுத்துவிட்டு, அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"தலைவரே, வலிக்கிறது."