எறும்பு மரியாதை

முன்பு கன்னல் நாடு என்றொரு நாட்டை வல்லபராயன் என்ற ராஜா ஆண்டு வந்தான். கரும்பு விளைகிற சீமை அது. காலையில் அல்வா, மத்தியானம் அக்காரவடிசல், சாயங்காலம் அதிரசம் என்று ராஜாவின் நாக்குக்கு ஓய்வே கிடையாது. சபையில் யாரை மெச்சினாலும் தன் தட்டிலிருந்து ஓர் அதிரசம் எடுத்துக் கொடுப்பான்.

அவனுடைய அந்தரங்க அதிகாரி கொற்றப்பருக்கு அதிரசத்தின் மேல் ஆசை கொஞ்சம்தான். அது மந்திரி உலகநாதருக்குப் போய்விடக் கூடாதே என்பதுதான் பெரிய கவலை. ராஜாவின் கை மந்திரி பக்கம் நீண்டால் போதும், இவருக்கு வயிறு பற்றி எரியும். "மந்திரியாருக்கு இனிப்பு ஆகாது மகாராஜா, அடியேனுக்கே அருள வேண்டும்" என்று முந்திக்கொண்டு கையேந்துவார். இப்படி மூன்று வருஷம் மந்திரியின் பங்கையும் சேர்த்தே விழுங்கினார். மந்திரியோ சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே கொற்றப்பருக்குத் தொண்டை வறண்டுபோகும். எல்லாம் எரிச்சலால் என்று நினைத்துச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார்.

இதற்கிடையில் ராஜாவுக்கும் ஓயாத தாகம். சபை நடுவே அடிக்கடி எழுந்து போனான். கால்விரலில் பட்ட காயம் மாதக்கணக்கில் ஆறவில்லை. அவன் நீர் கழிக்கிற இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கொற்றப்பர் பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா இருப்பாரா?

"மகாராஜா! தங்கள் திருமேனியே தேனாகிவிட்டது! எறும்புகூடத் தேடி வந்து மரியாதை செய்கிறது!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது.

மந்திரி பதறிப்போனார். "மகாராஜா, இது மரியாதை இல்லை, நீரிழிவு. இனிப்பை விட்டு, உடம்பு அசைய நடக்காவிட்டால் அந்தக் காலையே இழக்க நேரும்."

"பாருங்கள், இவருக்குப் பொறாமை!" என்றார் கொற்றப்பர். அந்த விஷயத்தில் அவருக்குத் தெரியாதது உண்டா!

ராஜா முறைத்தான். மந்திரி குரலை மாற்றினார். "அடியேன் பிழை. ஆனால் சபையில் வேறு யாருக்கும் இந்த மரியாதை உண்டா என்று பார்த்துவிடலாமே? ஆளுக்கொரு மண்சட்டியில் தத்தம் சிறுநீரைப் பிடித்துத் தோட்டத்தில் வைக்கட்டும்."

"வைக்கட்டும். என்னை மிஞ்ச எவன் இருக்கிறான்?"

கொற்றப்பருக்கு ஒரே நினைப்பு: மந்திரி ஏதாவது தந்திரம் செய்து எறும்பை இழுத்துவிட்டால்? விடக் கூடாது என்று தன் சட்டியில் ஓர் உருண்டை வெல்லத்தைக் கரைத்து வைத்தார்.

மறுநாள் காலை முப்பது சட்டிகளில் பதினொன்றில் எறும்பு. இத்தனை பேரா என்று மந்திரிக்கே திக்கென்றது. அவர் சட்டியில் ஒன்றுகூட இல்லை. கொற்றப்பரின் சட்டியோ கறுப்பாக மூடிக் கிடந்தது.

"மந்திரியாரே, உம்மை எறும்புகூடச் சீண்டவில்லையே!" என்று கைகொட்டித் திரும்பியவர், ராஜாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"என்னைவிட இவனுக்கு அதிகமா?" என்று உறுமினான் ராஜா.

"கவலை எதற்கு?" என்றார் மந்திரி. "வா என்றால் வருவது பெரிதா, போ என்றால் போவது பெரிதா? கம்பங்கூழ், பாகற்காய், வைத்தியர் தரும் கஷாயம், தினமும் கோட்டையைச் சுற்றி நடை. இவற்றால் யார் முதலில் எறும்பை விரட்டுகிறாரோ, அவரே பெரியவர்."

"இவனிடமா தோற்பேன்?" என்று ராஜா அன்றே செருப்பை மாட்டினான். எறும்பு வந்த மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு நடந்தான்.

கொற்றப்பர் உள்ளுக்குள் சிரித்தார். வெல்லம் போடாவிட்டால் எறும்பு போய்விடும், அவ்வளவுதானே? ராஜா முதலில் ஜெயிக்கட்டும், அடுத்தது நான், மந்திரி பின்னால்தான் நிற்பார் என்று கணக்குப் போட்டார். ஊருக்காக நாலடி நடந்துவிட்டு வீட்டில் அதிரசத்தை அடுக்கினார். அதுவரை, மாதாமாதம் சோதனைக்குச் சட்டி வைக்கும் நாளெல்லாம் வெல்லத்தையும் கரைத்தார்.

நாலு மாதத்தில் ராஜாவின் காயம் ஆறியது. சட்டியிலும் எறும்பு இல்லை. "நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் திரும்பி வரும்" என்றார் மந்திரி. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான்.

கொற்றப்பரால் பொறுக்க முடியவில்லை. "நாளை என் சட்டியையும் பாருங்கள்!" என்று கத்தினார். அன்று வெல்லத்தைத் தொடவே இல்லை.

காலையில் சபையே சூழ்ந்து நின்றது. சட்டி நிறைய எறும்பு.

"ஐயோ, வெல்லமே போடவில்லையே!" என்று அலறிவிட்டார் கொற்றப்பர்.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தான். ஆனால் கொற்றப்பர் அப்படியே தரையில் உட்கார்ந்து நடுங்குவதைப் பார்த்ததும் எல்லாரும் அடங்கிப் போனார்கள். மந்திரிதான் கைகொடுத்துத் தூக்கினார்.

"பொய் சொன்னதற்கு உமக்குத் தண்டனை உண்டு" என்றான் ராஜா. "மூன்று வருஷம் மந்திரியின் பங்கைச் சாப்பிட்டீர். இனியும் அதையே சாப்பிடும். அவர் வீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சாப்பிடுவதையே!"

அன்று மத்தியானம் மந்திரி வீட்டில் இரண்டு இலை போட்டார்கள். கொற்றப்பர் குனிந்த தலை நிமிராமல் பாகற்காயைப் பார்த்தார். பிறகு ஓரக்கண்ணால் பக்கத்து இலையைப் பார்த்தார்.

"அவருக்கு மட்டும் ஒரு துண்டு அதிகமாக இருக்கிறதே," என்றார். "எனக்கும் வையுங்கள்!"