கறுத்த லேபிள்

ஓர் ஊரின் மின் மயானத்து அலுவலகத்தில் இரண்டு பிரிண்டர்கள் இருந்தன. பெரியது லேசர், சான்றிதழ் அடிக்கும். சிறியதற்கு அஸ்திப் பானைகளில் ஒட்டும் லேபிள் அடிக்கிற வேலை. ரிப்பனில் இருக்கும் மையைச் சூட்டால் உருக்கித் தாளில் பதிப்பது அதன் வழக்கம்.

அன்று ரிப்பன் தீர்ந்துபோயிருந்தது. எழுத்தர் பேச்சிமுத்து இழுப்பறையைத் துழாவியதில், டோக்கன் மெஷினுக்கென்று வாங்கிய லேபிள் சுருள் ஒன்று அகப்பட்டது. மையே வேண்டாத, சூடு பட்டால் தானே கறுக்கிற தாள். ரிப்பன் இல்லாமலும் அதில் எழுத்து விழும் என்று அவருக்குத் தெரியும். எப்படி விழுகிறது என்று யோசித்ததில்லை. அகலம் சரியாக இருந்தது. அவருக்கு அது போதும்.

சுருளின் முதல் லேபிளுக்குத் தலைகால் புரியவில்லை. டோக்கனாகிக் கசங்கிக் குப்பைக்குப் போக வேண்டியது, ஒரு மனுஷியின் பெயரைச் சுமக்கப்போகிறதே!

சிறிய பிரிண்டர் தயங்கியது. “உன்மேல் வைக்க என்னிடம் மை இல்லை. சூடு மட்டும்தான் இருக்கிறது. யார் சூடு காட்டினாலும் கறுத்துப்போகிற உடம்பு உனக்கு. இந்த வேலை வேண்டாம்.”

லேசரும் தன் பங்குக்கு, தன் வயிற்றுக்குள் நுழைந்திருந்தால் அது அப்போதே முழுசாகக் கரிந்திருக்கும் என்று முணுமுணுத்தது. இரண்டுக்கும் வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டது லேபிள்.

“மை இரவல் சரக்கு. நான் பெயரை என் உடம்பிலேயே வாங்கிக்கொள்கிறேன்” என்றது.

‘செண்பகவல்லி, 71’ என்று எழுத்து பளிச்சென விழுந்தது. பேச்சிமுத்து அதைப் பானையில் ஒட்டி, வாயில் வெள்ளைத் துணி கட்டி வைத்தார். சுருளின் இரண்டாவது லேபிள், பஸ் நிலையத்தில் இறந்துகிடந்த ஒருவரின் பானைக்குப் போனது. ‘பெயர் தெரியாதவர்’ என்று அதில் அடித்திருந்தது. முதல் லேபிள் அதைப் பார்த்து உச்சுக்கொட்டியது.

மறுநாளே வந்து அஸ்தி வாங்கிப்போவதுதான் வழக்கம். செண்பகவல்லிக்கு இருந்தது ஒரே மகன், அவனும் மஸ்கட்டில். தகனத்தை அக்கம்பக்கத்தார் முடித்திருந்தார்கள். விடுப்புக் கிடைத்து அவன் வரப் பத்து நாள் ஆகும் என்று தகவல் வந்தது.

பேச்சிமுத்து நல்ல மனுஷன். அதுதான் வினையாகப் போனது. பிள்ளை வரும்வரை அந்தம்மா இருட்டு மூலையில் கிடக்க வேண்டாமே என்று ஓர் அகல் விளக்கை ஏற்றி இரண்டு பானைக்கும் நடுவில் வைத்தார். காற்றில் அணையாதிருக்கப் பானைகளை நெருக்கினார். வெளிச்சம் பெயரில் விழட்டும் என்று லேபிள்களை விளக்கின் பக்கமே திருப்பியும் விட்டார்.

லேபிளின் ஓரம் கறுத்தது. கொஞ்சம் தள்ளி எரியச் சொல்லி அது விளக்கைக் கெஞ்சியது.

“நீ சுமக்கிற அந்த அம்மாவுக்காகத்தானே எரிகிறேன்” என்றது விளக்கு. அதற்கும் நகர வழியில்லை.

முதலில் வயது போனது. பிறகு பெயர், ஒவ்வோர் எழுத்தாக. சின்ன பிரிண்டர் சொன்னது அப்போதுதான் லேபிளுக்கு உறைத்தது. பேச்சிமுத்து தினமும் பானைகளை எடுத்துத் துடைத்து, எண்ணெய் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார். துடைக்கையில் அவர் கண் துணியின் முடிச்சைத்தான் பார்த்தது, லேபிளை அல்ல.

பதினோராம் நாள் மகன் கோமதிநாயகம் வந்தான். விமானத்தில் வந்த சட்டைகூட மாற்றவில்லை. பேச்சிமுத்து பானைகளைத் திருப்பினார். இரண்டிலும் ஒரே கறுப்புச் சதுரம்.

“இதுல எங்கம்மா எது, அண்ணாச்சி?”

அவர் பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு பதிவும் இருந்தன. எந்தப் பானை யாருடையது என்று அதில் எழுதும் வழக்கமில்லை.

“வலப்பக்கம்னுதான் நெனைக்கேன், தம்பி. தொடைக்கையில மாத்தி வச்சனோ என்னமோ. சத்தியம் பண்ணச் சொன்னா என்னால முடியாது.”

இங்கேதான் இருக்கிறாள், என்னிடம்தான் இருக்கிறாள் என்று லேபிள் கதறியது. கறுப்புக்குள் கறுப்பாகக் கிடந்த பெயரை யார் வாசிப்பது?

 கோமதிநாயகம் இரண்டு பானைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான். ஒன்றைக் கரைக்கும்போதும் அம்மா என்றான், மற்றதைக் கரைக்கும்போதும் அம்மா என்றான். இரண்டு முறையும் அவனுக்கு அழுகை பாதியில் நின்றுபோனது.

பானைகளிலிருந்து ஊறிப் பிரிந்த இரண்டு கறுப்புத் தாள்களும் அருகருகே மிதந்து போயின.

அவற்றில் ஒன்றில், செண்பகவல்லி என்று இன்னும் எழுதியிருந்தது.